கனமான மரவேலைக்குக் கை பிளேனர் மெஷின் போதுமா?

பழைய வீட்டைப் பிரித்தபோது கிடைத்த தேக்கு உத்திரங்களையும் கதவுகளையும் வீட்டிலேயே இழைத்துக்கொள்ளக் கை பிளேனர் (கையில் பிடித்து ஓட்டும் மின்சார இழைப்பு மெஷின்) வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக வாங்கலாம். எங்கள் வீட்டுத் திண்ணை பெஞ்சும் மாடிக் கதவும் அப்படிப்பட்ட பழைய மரத்தில் நானே இழைத்துச் செய்தவைதான்.

ஆனால் மெஷினுக்கு முன்னால் ஒரு நல்ல காந்தம் தேடி வையுங்கள். பழுதான ஸ்பீக்கரில் இருக்கும் காந்தமே போதும். பழைய மரத்தில் தலை உடைந்த ஆணிகள் பெயின்டுக்கும் மக்குக்கும் அடியில் ஒளிந்திருக்கும். நான் முதல் நிலைச்சட்டத்தைக் கண்ணால் மட்டும் பார்த்துவிட்டு இழைக்க ஆரம்பித்தேன். சட்டென்று ஒரு பொறி, ஒரு உலுக்கல். நிறுத்திப் பார்த்தால் பிளேடில் அரிசி முனை அளவுக்குப் பல் விழுந்திருந்தது. அதற்கப்புறம் இழைத்த இடமெல்லாம் நூல் ஒட்டியதுபோல ஒரு மேடு. இரண்டு பிளேடையும் கழற்றித் திருப்பிப் போட்ட பிறகுதான் சரியானது. அதனால் கார்பைடு முனை வைத்த, இருபக்கமும் திருப்பிப் போடக்கூடிய பிளேடாகவே வாங்குங்கள். தேக்கில் இயல்பாகவே சிலிக்கா இருப்பதால் சாதாரண பிளேடு சீக்கிரம் மழுங்கிவிடும்.

இழைப்பதில் முக்கியம் கை அழுத்தம். மெஷினின் முன்தட்டுதான் ஏறி இறங்கி ஆழத்தைத் தீர்மானிக்கிறது. பின்தட்டு பிளேடின் மட்டத்தில் அப்படியே நிற்கும். தொடங்கும்போது எடை மெஷினின் முன்பக்கம் பிடித்த கையில் இருக்க வேண்டும், நடுவில் இரண்டு கையிலும், முடிக்கும்போது பின்பக்கம் பிடித்த கையில். இதை மாற்றிச் செய்தால் மரத்தின் இரு முனையிலும் பள்ளம் விழும். ஆழத்தை அரை மில்லிமீட்டருக்கு மேல் வைக்காதீர்கள். பல மெஷின்கள் 2 மில்லிமீட்டர் வரை எடுக்கும், ஆனால் மரத்தின் ரேகை திசை மாறும் இடத்தில் மரம் செதில் செதிலாகப் பெயர்ந்துவிடும். வேம்பு, வேங்கை என்றால் இன்னும் பொறுமை வேண்டும், அவற்றின் ரேகை இரண்டு பக்கமும் பின்னிக்கிடக்கும்.

உத்திரம் முறுக்கியிருக்கிறதா என்று பார்க்க, நேரான இரண்டு ரீப்பரை இரு முனையிலும் குறுக்கே வைத்து, ஒரு கண்ணை மூடிக்கொண்டு ஓரமாகப் பாருங்கள். இரண்டும் ஒரே கோட்டில் தெரிய வேண்டும். தூக்கித் தெரியும் மூலைகளில் பென்சிலால் கிறுக்கி, அந்தக் கிறுக்கல் போகும்வரை அங்கே மட்டும் இழையுங்கள். மொத்த நீளத்துக்கும் ஓட்டிக்கொண்டே இருந்தால் மரம்தான் மெலியுமே தவிர முறுக்கு போகாது. கடைசி இழைப்பைக் கை இழைப்புளியால் முடிப்பது என் வழக்கம். மெஷின் விடும் சின்னச் சின்ன அலைகள் வார்னிஷ் அடித்ததும் வெளிச்சத்தில் பளிச்சென்று தெரியும்.

கதவு விஷயத்தில் ஒன்று. ஐப்பசி மழையில் ஊதிக்கொண்டு மாட்டுகிறதே என்று இஷ்டத்துக்கு இழைத்துவிடாதீர்கள், சித்திரையில் விரல் நுழையும் இடைவெளி வந்துவிடும். உரசும் இடத்தை மட்டும் லேசாக எடுங்கள்.

ஸ்விட்சை விட்டாலும் பிளேடு மாட்டிய உருளை சில நொடி சுற்றிக்கொண்டிருக்கும். அது நிற்கும்வரை கீழே வைக்கக் கூடாது. ஒயரைத் தோளுக்குப் பின்னால் போட்டுக்கொள்ளுங்கள், மரத்தைக் கிளாம்ப் போட்டு இறுக்குங்கள், மாஸ்க் இல்லாமல் தேக்குத் தூளில் நிற்காதீர்கள்.

மேஜைப் பலகை போன்ற அகலமான வேலையை மட்டும் இதில் முயல வேண்டாம். பிளேடின் அகலம் பெரும்பாலும் 82 மில்லிமீட்டர்தான், பலகை முழுக்க வரிவரியாகப் படி விழும். அதை மர மில்லில் இருக்கும் திக்னஸ் பிளேனரில் (பலகை முழுவதையும் ஒரே கனத்துக்கு இழைக்கும் பெரிய மெஷின்) கொடுத்து இழைத்து வாங்குங்கள். கொண்டுபோகும் முன் ஆணியை எல்லாம் பிடுங்கிவிடுங்கள். ஆணி இருக்கும் மரம் என்று தெரிந்தால் மில்லில் தொடவே மாட்டார்கள்.