சேலத்தில் கார்த்திகை விளக்கு: மூன்று மாலைகளாகப் பிரித்துப் பாருங்கள்

கேள்வி: ஃபேர்லேண்ட்ஸில் குடியேறி ஒரு வருடம் ஆகிறது. போன கார்த்திகைக்கு வாசலில் 27 அகல் வைத்தோம். ஏழு மணிக்குள் பாதி அணைந்துவிட்டது. பிறகு காரை எடுத்துக்கொண்டு ஊர் விளக்குகளைப் பார்க்கக் கிளம்பி, நெரிசலில் சிக்கி, எதையும் பார்க்காமல் திரும்பினோம். இந்த முறை முழங்கால் வலியுள்ள அம்மாவும் ஏழு வயது மகளும் கூட வருகிறார்கள். சேலத்தில் எங்கே போகலாம்? ஏற்காட்டிலிருந்து பார்த்தால் ஊர் முழுக்க விளக்காகத் தெரியும் என்கிறார்களே, உண்மையா?

பதில்: உங்களுக்குத் தவறியது இடமில்லை, நேரம்தான். டிசம்பர் தொடக்கத்தில் சேலத்தில் சூரியன் மறைவது 5.50 மணியை ஒட்டி. வானம் முழுதாகக் கறுக்கும் முன் ஒரு இருபது, இருபத்தைந்து நிமிடம் நீலம் நிற்கும். அகல் விளக்கு மிக அழகாகத் தெரிவது அந்த நீலத்தில்தான். எட்டு மணியானால் எண்ணெய் தீர்ந்தோ காற்று அடித்தோ பாதி வாசல்கள் இருண்டுவிடும். ஆக, ஒரு மாலையில் உங்களுக்குக் கிடைப்பது இரண்டு மணி நேரம். அதில் நாலு இடம் என்று திட்டமிட்டால், பார்ப்பதெல்லாம் முன்னால் போகும் வண்டியின் சிவப்பு விளக்கைத்தான்.

நல்ல வேளையாக, கார்த்திகை ஒரு நாளோடு முடிகிற பண்டிகை அல்ல. நாள்காட்டியைப் புரட்டினால் குமராலய தீபம், சர்வாலய தீபம், விஷ்ணு ஆலய தீபம் என்று தனித்தனியாகப் போட்டிருப்பார்கள். முருகன் கோயில்களுக்குக் கிருத்திகை நட்சத்திரம், சிவன் கோயில்களுக்குப் பௌர்ணமி, பெருமாள் கோயில்களுக்கு அதற்குப் பிந்திய கணக்கு. சில ஆண்டுகளில் இரண்டு ஒரே நாளில் விழும், சில ஆண்டுகளில் அடுத்தடுத்த நாட்களாக வரும். வீடுகளிலும் இரண்டு நாள், மூன்று நாள் விளக்கு வைக்கும் வழக்கம் உண்டு. இந்த வரிசையை முன்கூட்டியே குறித்துக்கொண்டால், மாலைக்கு ஒரு இடம் போதும்.

திருக்கார்த்திகை அன்று வண்டியைத் தொடவே வேண்டாம். எரியும் விளக்குகளை வாசலில் விட்டுவிட்டு வீட்டைப் பூட்டிக்கொண்டு போவது ஆபத்து. அன்று சொந்த வாசல், சொந்தத் தெரு, அவ்வளவுதான்.

உங்கள் அகல்கள் அணைந்ததற்கு வருவோம். புது அகல் என்றால் முதல் சந்தேகம் மண் மேல். காய்ந்த மண் எண்ணெயைக் குடித்துவிடும். முதல் நாள் இரவே தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் எடுத்துத் துடைத்து, ஈரம் போக நிழலில் கவிழ்த்து வையுங்கள். விளிம்பில் ஈரம் இருந்தால் திரி படபடவென்று வெடிக்கும். அடுத்தது திரி. ஒற்றை இழையாக இருந்தால் சிறு காற்றுக்கே அணையும். இரண்டு திரியைச் சேர்த்து முறுக்கிப் போடுங்கள். அகலின் மூக்குக்கு வெளியே அரை சென்டிமீட்டருக்கு மேல் நீட்டினால் கரி பிடிக்கும். அதோடு, நீண்ட திரி வழியாகவே எண்ணெய் சொட்டித் தரையில் வழிந்து, அகல் சீக்கிரம் காலியாகும். பலர் வீட்டில் நடப்பது இதுதான், பழி மட்டும் காற்றுக்குப் போகிறது.

சின்ன அகல் ஒன்றுக்குச் சுமார் 12 மில்லி எண்ணெய் பிடிக்கும். 27 அகலுக்கு 325 மில்லி. நடுவில் ஒருமுறை ஊற்றவும் சேர்த்து அரை லிட்டர் நல்லெண்ணெய் வாங்கிக்கொள்ளுங்கள். நிறைக்கும்போது விளிம்புக்கு அரை விரல் குறைவாக நிறுத்துங்கள். வாடைக்காற்றுக் காலம் என்பதால் வடக்கு, கிழக்குப் பார்த்த வாசலில் காற்று நேராக அடிக்கும். அந்த வாசல்களில் விளக்கைப் படியின் நடுவில் வைக்காமல் சுவரோரமாக, தூணின் மறைவில் வைத்தால் நிற்கும். எரிகிற விளக்கில் எண்ணெய் ஊற்றும்போது பாட்டிலைச் சாய்க்காதீர்கள், கரண்டியால் ஊற்றுங்கள். மகளுக்கு ஏற்றக் கொடுங்கள், ஆனால் பட்டுப்பாவாடையில் வேண்டாம், உடம்போடு ஒட்டிய பருத்தி உடையில்.

இரண்டாம் மாலைக்குப் பழைய சேலம். அடுக்குமாடிப் பகுதிகளில் விளக்கு பால்கனிக்குள் ஒதுங்கிவிடும். குகை, அம்மாப்பேட்டை, பொன்னம்மாப்பேட்டை, செவ்வாய்ப்பேட்டையின் உள் தெருக்களில் வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டியவை, படி நேராகத் தெருவில் இறங்கும். அதனால் விளக்குகள் இடைவெளி இல்லாமல் வரிசையாகத் தொடரும். தெருமுனையில் நின்று பார்த்தால் இருபுறமும் இரண்டு கோடு. கோயில் வாசலில் மின்விளக்குத் தோரணம் எவ்வளவு கட்டினாலும் இந்தக் காட்சிக்கு ஈடில்லை. மெயின் ரோட்டில் இறங்கி, ஆட்டோவை அனுப்பிவிட்டு, உள் தெரு ஒன்றில் நடங்கள். அம்மாவுக்கு அரைக் கிலோமீட்டர் போதும். இவற்றில் பல தெருக்கள் நெசவாளர் குடியிருப்பு. வீட்டுக்குள் தறியும் நூலும் பாவும் இருக்கும். மத்தாப்பு, கம்பி மத்தாப்பு எதையும் அங்கே கொளுத்தாதீர்கள். வாசலில் நிற்பவர்களிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் படம் எடுங்கள். ஃபிளாஷை அணைத்துவிடுங்கள், திரையில் சுடரின் மேல் விரலை அழுத்தி வெளிச்சத்தைக் குறைத்தால்தான் சுடர் மஞ்சளாக விழும், இல்லையென்றால் வெள்ளைப் புள்ளிதான்.

அம்மாப்பேட்டைப் பக்கம் போனால் இன்னொன்று. கிழக்கே குமரகிரி இருக்கிறது, மேலே தண்டாயுதபாணி கோயில். பௌர்ணமி நாளில் சூரியன் மறையும் வேளையை ஒட்டியே நிலா கிழக்கில் எழும். மேகம் இல்லாவிட்டால் மலையும் நிலாவும் ஒரே பார்வையில் கிடைக்கும். தீபம் ஏற்றும் நேரத்தைக் கோயிலில் விசாரித்துக்கொண்டு அடிவாரத்திலிருந்தே பாருங்கள். இருட்டில், எண்ணெய் சிந்திய படிகளில் முழங்கால் வலிக்காரரை ஏற்றுவது வேண்டாம். சீலநாயக்கன்பட்டி ஊத்துமலைக்கும் இதே யோசனைதான். ஆத்தூர் சாலையில் உள்ள புத்திரகவுண்டம்பாளையத்தில் 2022 ஏப்ரலில் குடமுழுக்கு கண்ட 146 அடி முத்துமலை முருகனை வேறொரு நாளில் போய்ப் பாருங்கள். அங்கே சிலையின் உயரம்தான் காட்சி, அகல் விளக்குக்காக அத்தனை தூரம் போக வேண்டியதில்லை.

மூன்றாம் மாலை கோயிலுக்கு. சிவன் கோயில் என்றால் ஊருக்குள் சுகவனேஸ்வரர் இருக்கிறார். பழைய பஸ் ஸ்டாண்டிலிருந்து நடக்கிற தூரம், அதனால்தான் கூட்டமும் அதிகம். அம்மாவை மனதில் வைத்துச் சொன்னால் உத்தமசோழபுரம் கரபுரநாதர் கோயில்தான் பொருத்தம். கோவை நெடுஞ்சாலையில் சுமார் எட்டுக் கிலோமீட்டர், திருமணிமுத்தாற்றங்கரை, மலை ஏற வேண்டாம். பாரி மகளிர் அங்கவை, சங்கவைக்கு ஔவையார் மணம் முடித்துவைத்த தலம் என்பது அந்த ஊர் நம்பிக்கை. மகளுக்குச் சொல்ல ஒரு கதையும் ஆயிற்று. ஐந்தரைக்கே போய்விடுங்கள். பெருமாள் கோயில் நாளில் கோட்டை அழகிரிநாதரைச் சேவித்துவிட்டு வரலாம்.

கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்தும் வழக்கம் உண்டு. பனைமரத் துண்டை நட்டு, சுற்றிலும் காய்ந்த பனை ஓலையைக் கூம்பாகக் கட்டியிருப்பார்கள். பொதுவாகத் தீபாராதனை முடிந்த பிறகுதான் தீ வைப்பார்கள், நேரம் முன்பின் ஆகும். எங்கே நிற்பது என்பதுதான் முக்கியம். ஓலை பிடித்த ஒரு நிமிடத்துக்குள் தீ உச்சிக்கு ஏறிவிடும், எரியும் ஓலைத் துணுக்குகள் காற்றோடு பறக்கும். கூம்பின் உயரத்தைப் போல் இரண்டு பங்கு தள்ளி, காற்று உங்கள் முதுகில் படும் பக்கம் நில்லுங்கள். கற்பூரப் புகை எந்தப் பக்கம் போகிறது என்று பார்த்தாலே தெரிந்துவிடும். பகலில் மழை பெய்திருந்தால் ஓலை நனைந்து, தீ ஏறாமல் புகை மண்டும். அம்மாவுக்கு மூச்சிரைப்பு இருந்தால் அன்று இதைத் தவிர்க்கலாம்.

மகளுக்குக் காட்ட வேண்டியது மாவளி. சேலம், தர்மபுரிக் கிராமங்களில் இன்னும் சுற்றுகிறார்கள். ஆண் பனையின் பூவை நன்றாகக் காயவைத்து, குழியில் போட்டுக் கொளுத்தி, மண் போட்டு மூடிக் கரியாக்குவார்கள். அந்தக் கரியைப் பொடித்துப் பருத்தித் துணியில் இறுக்கச் சுருட்டி, பிளந்த பனை மட்டைகளுக்கு நடுவே வைத்துக் கட்டி, கயிறு பிணைப்பார்கள். நுனியில் நெருப்புக் கங்கை வைத்துத் தலைக்கு மேல் சுழற்றினால் பொறிகள் வட்டமாக, பூவாகச் சிதறும். துணி தளர்வாக இருந்தால் கரி மொத்தமாகக் கொட்டிவிடும். பொடியில் ஈரம் இருந்தால் பொறியே வராது. வைக்கோல் போரோ கூரை வீடோ இல்லாத திறந்த வெளியில்தான் சுற்ற வேண்டும். ஏழு வயதுக்குச் சுற்றுவது சரிவராது, இருபதடி தள்ளி நின்று பார்க்கட்டும்.

ஏற்காடு பற்றி. அங்குள்ள லேடீஸ் சீட் காட்சிமுனையிலிருந்து சேலம் தெரிவது உண்மை. தெரிவது மின்விளக்குகள்தான், அகல் அல்ல. நேர்கோட்டிலேயே பத்துக் கிலோமீட்டருக்கு மேல் இருக்கிறது. ஓர் அகலின் சுடர் நல்ல இருட்டிலும் இரண்டு மூன்று கிலோமீட்டருக்கு அப்பால் கண்ணுக்குத் தெரியாது. திருவண்ணாமலை தீபம் நெடுந்தூரம் தெரிகிறதே என்றால், அது ஆளுயரக் கொப்பரையில் டன் கணக்கில் நெய் விட்டு எரிப்பது. அதோடு, கார்த்திகை மாதம் வடகிழக்குப் பருவமழைக் காலம். மாலையில் மூடுபனி ஏறினால் பத்தடிக்கு அப்பால் எதுவும் தெரியாது, இருபது கொண்டை ஊசி வளைவுகளை அந்தப் பனியில் இறங்க வேண்டும். 2024-ல் ஃபெஞ்சல் புயல் மழையில் இந்த மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்தே நின்றது.

ஏற்காட்டை விட மனமில்லை என்றால் டிசம்பர் கடைசி வாரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். அப்போது மழை ஓய்ந்திருக்க வாய்ப்பு அதிகம். தேவாலயங்களிலும் வீட்டு வாசல்களிலும் கிறிஸ்துமஸ் நட்சத்திரக் கூண்டுகள் தொங்கும். காகிதக் கூண்டுக்குள் பல்பு எரிவதால் பனி அந்த ஒளியைக் கெடுப்பதில்லை, சுற்றிலும் பரப்பி இன்னும் அழகாக்கும். பகல் வெளிச்சத்தில் மலையேறி, ஏழு மணிவரை ஊருக்குள் நடந்து, இரவு அங்கேயே தங்கிவிடுங்கள். அன்றே திரும்ப வேண்டுமானால் பனி இறங்கும் முன் அடிவாரம் சேர்ந்துவிட்டு, நாலு ரோடு குழந்தை இயேசு பேராலயத்தில் மிச்ச மாலையைக் கழிக்கலாம். அங்கிருந்து உங்கள் வீடு பக்கம்தான்.