'அதுக்கிடையிலயோ!' ஒல்ரெடி, ஸ்டில், யெட்: ஆங்கில ரீச்சரிடம் கேள்வி பதில்

காலத்தைக் குறிக்கும் ஆங்கில வினையடைகளில் ஆச்சரியம் எப்படி ஒளிந்திருக்கிறது என்று பலர் கேட்டிருந்தீர்கள். வகுப்பில் நான் ஆசையோடு படிப்பிக்கிற பாடம் இது.

கொக்குவிலிலிருந்து ஒரு மாமா: லண்டனில் வளர்ந்த மருமகள் நல்லூர்த் திருவிழாவுக்கு வந்து நிற்கிறாள். பார்க்கப் போயிருந்தேன். இரவு எட்டு மணிக்கு நான் எழும்ப, 'ஆர் யூ லீவிங் ஒல்ரெடி?' என்றாள். ஒல்ரெடி என்றால் 'ஏற்கெனவே' என்றுதானே படித்தோம்? நான் இனித்தானே போகப்போகிறேன்?

அண்ணை, அவள் கேட்டதை அப்படியே எங்கட தமிழில் சொன்னால், 'அதுக்கிடையில வெளிக்கிடுறியளோ மாமா?' பள்ளிக்கூடத்தில் 'ஏற்கெனவே' என்ற ஒரு பொருளை மட்டும் எழுதிவிட்டதால் வந்த குழப்பம் இது. 'ஏற்கெனவே' என்றால் வெறும் தகவல். 'அதுக்கிடையில' என்றால் ஆச்சரியம். தமிழில் இரண்டு சொல், ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒல்ரெடிதான்.

நல்லூரையே பாருங்கள். 25 நாளும் பூசை மணி தவறாது. நேரம் தெரிந்தவர் 'சாமி வெளியில வந்திட்டுது' என்று சும்மா சொல்வார். இன்னும் நேரம் கிடக்கு என்று நினைத்து ஆறுதலாகச் செருப்புக் கழற்றுகிறவர்தான் 'அதுக்கிடையிலயோ!' என்று ஓடுவார். இருவருக்கும் மணி ஒன்றுதான், மனதில் வைத்திருந்த நேரம்தான் வேறு. அந்த இடைவெளியைத்தான் ஒல்ரெடி சொல்கிறது.

சொல் நிற்கும் இடத்தையும் கவனியுங்கள். 'யூ ஹாவ் ஒல்ரெடி ஃபினிஷ்ட்' என்று நடுவில் வந்தால் பெரும்பாலும் தகவல். 'யூ ஹாவ் ஃபினிஷ்ட் ஒல்ரெடி!' என்று கடைசியில் வந்தால் ஆச்சரியம் கூடும். மருமகள் கடைசியில்தான் வைத்திருக்கிறாள். இன்னும் கொஞ்ச நேரம் இருந்திருக்கலாம், அண்ணை.

சாவகச்சேரியிலிருந்து ஓ.எல். மாணவன்: கேள்வி கேட்கும்போது யெட் போடுவதா, ஒல்ரெடி போடுவதா, ரீச்சர்?

இரண்டும் சரி தம்பி, மனநிலைதான் வேறு. 'ஹாஸ் த பஸ் கம் யெட்?' என்றால், வந்ததா இல்லையா என்று தெரியாமல் கேட்கிறாய். 'ஹாஸ் த பஸ் கம் ஒல்ரெடி?' என்றால், சனம் ஏறுவதைக் கண்டு, இவ்வளவு வெள்ளெனவா என்று திகைக்கிறாய். அப்புறம் இன்னொன்று: 'ஓல் ரெடி' என்று பிரித்து எழுதினால் 'எல்லாம் தயார்' என்று பொருள் மாறிவிடும்.

மானிப்பாயிலிருந்து ஓர் அம்மா: ஸ்டில், யெட் இரண்டுக்குமே 'இன்னும்' என்றுதான் மகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். பிழையா?

பிழையில்லைத் தங்கச்சி, ஆனால் போதாது. எங்கட 'இன்னும்' இரண்டு வேலையையும் செய்வதால்தான் பிள்ளைகள் தடுமாறுகிறார்கள். ரியூசன் விட்டு மகள் வரப் பிந்துகிறாள் என்று வையுங்கள். ஆறு மணிக்கு, 'ஷீ ஹாஸன்ட் கம் யெட்'. இன்னும் வரவில்லை, வந்துவிடுவாள். ஏழரைக்குப் படலையடியில் நின்று றோட்டைப் பார்த்துக்கொண்டு சொல்வது, 'ஷீ ஸ்டில் ஹாஸன்ட் கம்!' இன்னமும் காணேல்லையே என்ற பதற்றம் அந்த ஸ்டில்லுக்குள் இருக்கிறது. ஸ்டில் 'ஹாஸன்ட்'டுக்கு முன்னுக்கு வரும், யெட் கடைசிக்குப் போகும்.

எதிர்மறை இல்லாமலும் ஸ்டில் வியக்கும். விடிந்து எட்டு மணிக்கு 'ஆர் யூ ஸ்டில் ஸ்லீப்பிங்?' என்றால் 'இன்னும் நித்திரையே?' என்பதுதான். முடிந்திருக்க வேண்டியது முடியவில்லை என்ற வியப்பு. ஒல்ரெடிக்கு நேர் எதிர்.

பருத்தித்துறையிலிருந்து: அமெரிக்காவில் இருக்கும் நண்பர் 'டிட் யூ ஈட் ஒல்ரெடி?' என்கிறார். 'ஹாவ் யூ ஈட்டன்' என்றல்லவா வரவேண்டும்?

அமெரிக்கப் பேச்சில் அது வழக்கம். எங்கட பரீட்சைகளுக்குப் பிரித்தானிய முறைப்படி 'ஹாவ்' போட்டே எழுதுங்கள்.

உயர்தர மாணவி: 'நோ சூனர்', 'ஹாட்லி' இரண்டும் ஆச்சரியத்தில் சேருமா?

சேரும் பிள்ளை. ஒன்று முடிய முன்னமே மற்றது வந்து விழும் திகைப்பு அது. 'ஹாட்லி ஹாட் ஐ சட் டவுன் வென் த ஃபோன் ராங்': இருந்ததுதான் தாமதம், போன் அடித்தது. 'ஹாட்லி' வந்தால் பின்னால் 'வென்'. 'நோ சூனர்' வந்தால் பின்னால் 'தான்' (than). முதலில் வைத்தால் 'ஹாட் ஐ' என்று திருப்பிப் போட மறக்காதே.

கந்தோரில் வேலை செய்யும் தம்பி: மேலதிகாரிக்கு 'யூ ஸ்டில் ஹாவன்ட் ரிப்லைட்' என்று மின்னஞ்சல் அனுப்பினேன். கோபித்துவிட்டார். இலக்கணம் சரிதானே, ரீச்சர்?

இலக்கணம் சரி. ஆனால் 'இன்னமும் நீங்கள் பதில் போடேல்லையே' என்று முகத்துக்கு நேரே கேட்டது போல அவருக்குப் பட்டிருக்கும். ஸ்டில்லில் வியப்போடு குறையும் சேர்ந்து போகும். 'ஐ ஹாவ் நொட் ரிசீவ்ட் எ ரிப்லை யெட்' என்று எழுதுங்கள். 'நீங்கள்' போய் 'எனக்கு' வந்துவிடும், ஸ்டில்லும் இராது. இன்றைக்கே அப்படி ஒரு வரி அனுப்பிவிடுங்கள், தம்பி.