சொந்த விமானம் வாங்கவும் விற்கவும்: கேட்டவர்களுக்குப் பதில்

உச்சிப்புளி எனக்குச் சொந்த ஊர். விமானப் பராமரிப்புப் பொறியாளராக வளைகுடாவிலும் இந்தியாவிலும் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். விலைக்கு வரும் சின்ன விமானங்களைப் பிரித்துப் பார்த்து, வாங்கலாமா கூடாதா என்று எழுதிக் கொடுப்பதுதான் கடைசி வருடங்களில் என் முக்கிய வேலை. நம் கரைக்காரர்கள் கேட்டவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

கீழக்கரையிலிருந்து: காக்கா, துபாய்ல தொழில் பண்றேன். இங்க ஒரு செஸ்னா 172 விலைக்கு வருது. 15 வருஷத்துல 600 மணி நேரம்தான் பறந்திருக்கு, புதுசு மாதிரி இருக்கு. உடனே அட்வான்ஸ் கேக்குறாங்க. கொடுக்கலாமா?

வேண்டாம் தம்பி, பொறுங்கள். நீங்கள் நல்ல விஷயமாகச் சொல்லும் அந்த 600 மணி நேரம்தான் எனக்குக் கவலை தருகிறது. இந்த விமானத்தில் இருக்கும் லைகமிங் என்ஜினை 2000 மணி நேரத்தில், அல்லது 12 வருடத்தில், எது முதலில் வருகிறதோ அப்போது முழுதாகப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்கிறது கம்பெனி. மணி நேரம் மிச்சம் இருந்தாலும் வருடம் தாண்டிவிட்டது. புதுப்பித்தார்களா என்று முதலில் கேளுங்கள்.

காரணம் இதுதான். அந்த என்ஜினில் வால்வுகளைத் திறந்துவிடும் தண்டான கேம்ஷாப்ட் மேல்பக்கம் இருக்கிறது. வாரக்கணக்கில் ஓடாமல் நின்றால் அதன்மேல் இருக்கும் ஆயில் வடிந்துவிடும். கடற்கரைக் காற்றின் ஈரம் வெறும் இரும்பில் பட்டுத் துரு பிடிக்கும். பிறகு ஓட்டும்போது துருப்பிடித்த இடம் பொடிப்பொடியாக உதிர்ந்து ஆயிலோடு சுற்றும். வெளியே பெயின்ட் பளபளவென்றுதான் இருக்கும்.

அதனால் உங்கள் சொந்தச் செலவில் உங்கள் ஆளை வைத்துப் பரிசோதியுங்கள். விற்பவருடைய மெக்கானிக் வேண்டவே வேண்டாம். ஆயில் ஃபில்டரைக் கழற்றி அறுத்து, உள்ளே மடிப்பு மடிப்பாக இருக்கும் தாளை விரித்து வெளிச்சத்தில் காட்டச் சொல்லுங்கள். மினுங்கும் துகள் மேல் காந்தத்தை ஓட்டினால், ஒட்டுவது இரும்பு. இரும்பு கிடைத்தால் அந்தப் பேரத்தை அங்கேயே நிறுத்திவிடலாம், அல்லது என்ஜின் புதுப்பிக்கும் தொகையை விலையில் கழிக்கச் சொல்லலாம். அடுத்தது கம்ப்ரெஷன் டெஸ்ட். சிலிண்டருக்குள் 80 பவுண்டு அழுத்தத்தில் காற்றைக் கொடுத்து எவ்வளவு நிற்கிறது என்று பார்ப்பார்கள். எழுபதுகளில் நின்றால் நிம்மதி. குறைந்தால் காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும்: சைலன்சர் குழாயில் உஸ்ஸென்றால் எக்ஸாஸ்ட் வால்வு போயிருக்கிறது, ஆயில் ஊற்றும் வாயில் கேட்டால் பிஸ்டன் ரிங் தேய்ந்திருக்கிறது. போரோஸ்கோப் என்ற சின்னக் கேமராக் குழாயை உள்ளே விட்டு வால்வின் முகத்தையும் பார்த்துவிட வேண்டும். விசைப்படகைக் கரையேற்றி அடிப்பாகத்தைத் தட்டிப் பார்க்காமல் நம் ஆட்கள் பணம் கொடுப்பதில்லையே, அதே ஜாக்கிரதைதான் இங்கேயும்.

தொண்டியிலிருந்து: அண்ணே, லாக் புக்கில் நடுவுல நாலு வருஷம் காணோம். விற்கிறவர் "தொலைஞ்சு போச்சு, விலையைக் குறைச்சுக்கிறேன்" என்கிறார்.

எவ்வளவு குறைத்தாலும் நான் வாங்க மாட்டேன். விமானத்தின் விலையில் பெரிய பங்கு அந்த ஏட்டுக்குத்தான். எந்தப் பாகம் எப்போது மாற்றியது, கம்பெனியும் அரசும் கட்டாயமாகச் செய்யச் சொன்ன திருத்தங்களைச் செய்தார்களா, ஓடுபாதையில் இடித்துக்கொண்டதா, எல்லாம் அதில்தான் இருக்கும். விபத்து நடந்த காலத்துப் பக்கங்கள் மட்டும் காணாமல் போவதை நான் பார்த்திருக்கிறேன். நாளைக்கு நீங்கள் விற்கும்போது இதே கேள்வி உங்களிடமும் வரும்.

இராமநாதபுரத்திலிருந்து: பணத்தை எப்படிக் கொடுப்பது சார்? அமெரிக்காவில் இருப்பவரை நம்பி அனுப்பவா?

நேராக யாருக்கும் அனுப்பாதீர்கள். முதலில் இன்ன விலை, இன்ன நிபந்தனை என்று ஒரு விருப்பக் கடிதம். பிறகு முன்பணம் எஸ்க்ரோ கணக்குக்குப் போக வேண்டும். அது இரு தரப்புக்கும் பொதுவான மூன்றாம் ஆளிடம் இருக்கும். பரிசோதனையில் பிடிக்காவிட்டால் முன்பணம் திரும்பி வரும் என்பதை எழுத்தில் வாங்குங்கள். பரிசோதனை முடிந்து, விற்பனைப் பத்திரத்தில் கையெழுத்தாகி, விமானம் கைக்கு வரும் நேரத்தில் மீதிப் பணம் விடுவிக்கப்படும்.

அதற்கு முன் வில்லங்கம் பாருங்கள். அமெரிக்கப் பதிவு விமானங்களின் உரிமை ஆவணங்கள் ஒக்லஹோமா சிட்டியில் இருக்கின்றன. வங்கிக் கடன் நிலுவையில் இருந்தால் அங்கே தெரியும். பெரிய விமானமாக இருந்தால், 2001 கேப் டவுன் உடன்படிக்கையின் கீழ் இயங்கும் சர்வதேசப் பதிவேட்டிலும் தேட வேண்டும். ஊழியர்களையும் சேர்த்து எட்டுப் பேருக்குக் குறைவாக ஏற்றும் செஸ்னா 172 மாதிரியான சின்ன விமானம் அதில் வராது.

மண்டபத்திலிருந்து: வெளிநாட்டில் வாங்கி இங்கே கொண்டுவர என்ன நடைமுறை?

வரிசை மாறினால் மாட்டிக்கொள்வீர்கள். இறக்குமதிக்கான அனுமதியை முதலில் டி.ஜி.சி.ஏ.விடம், அதாவது மத்திய அரசின் சிவில் விமானப் போக்குவரத்து இயக்குநரகத்திடம், வாங்குங்கள். பழைய விமானங்களுக்கு வயது வரம்பு இருக்கிறது, விலை பேசும் முன்பே அதைப் பாருங்கள். ஒரு விமானம் ஒரே சமயத்தில் இரண்டு நாட்டில் பதிவில் இருக்கக் கூடாது என்பது 1944 சிகாகோ உடன்படிக்கை. எனவே அந்த நாட்டில் பதிவை நீக்கிய சான்று வந்த பிறகுதான் இங்கே வி.டி. என்று தொடங்கும் இந்தியப் பதிவு எழுத்துகள் கிடைக்கும். ஏற்றுமதிக்கான பறக்கும் தகுதிச் சான்றையும் விற்பவரே எடுத்துத் தர வேண்டும் என்று ஒப்பந்தத்தில் சேர்த்துக்கொள்ளுங்கள். சின்ன விமானத்தை இறக்கை கழற்றி கன்டெய்னரில் கொண்டுவருவது உண்டு. மீண்டும் பூட்டியதற்கு உரிமம் உள்ள பொறியாளர் கையெழுத்து வேண்டும்.

வரியை மறக்காதீர்கள். சொந்த உபயோகத்துக்கான விமானத்துக்கு 2025 செப்டம்பர் 22 முதல் ஜி.எஸ்.டி. 40 சதவீதம். இதைக் கேட்டதுமே பலர் பேச்சை விட்டுவிடுகிறார்கள்.

தேவிபட்டினத்திலிருந்து ஒரு தங்கை: உச்சிப்புளியிலேயே நிறுத்திக்கொள்ளலாமா? ஆட்களை ஏற்றிக் காசு வாங்கலாமா?

இரண்டும் முடியாதம்மா. உச்சிப்புளி தளம் ஐ.என்.எஸ். பருந்து, கடற்படையுடையது. மதுரை, தூத்துக்குடி விமான நிலையங்களில் இடம் கிடைக்குமா என்று வாங்கும் முன்பே விசாரியுங்கள். ஹேங்கர் என்ற விமானக் கொட்டகை இல்லாமல் வெட்டவெளியில் நிறுத்தினால் உப்புக்காற்று அலுமினியத்தையும் அரித்துவிடும். தனியார் உபயோகத்துக்குப் பதிந்த விமானத்தில் கட்டணம் வாங்குவது சட்டவிரோதம். அதற்குத் தனி அனுமதி, தனிக் கட்டுப்பாடுகள்.

இராமேஸ்வரத்திலிருந்து: எங்கள் குடும்ப விமானத்தை விற்கப் போகிறோம். ரொம்ப நாளாகப் பறக்கவில்லை. என்ன தயார் செய்ய?

விளம்பரம் கொடுக்கும் முன் ஏ.ஆர்.சி.யைப் புதுப்பியுங்கள், ஒரு வருடம் செல்லும் தகுதிச் சான்று அது. சான்று காலாவதியான விமானத்தைப் பார்க்க வருபவர் பாதி விலைதான் கேட்பார். வருபவருக்குக் காட்ட என்ஜினைத் தரையில் ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தாதீர்கள். ஆயில் சூடாகாமல் உள்ளே ஈரம்தான் சேரும். பொறியாளர் பார்த்துச் சரி என்ற பிறகு ஒரு மணி நேரம் நிஜமாகப் பறக்க விடுங்கள். தெரிந்த குறைகளை நீங்களே எழுதிக் கொடுத்துவிடுங்கள், பரிசோதனையில் எப்படியும் வெளியே வரும். விற்றதும் உரிமை மாறியதை டி.ஜி.சி.ஏ.வுக்கு உடனே தெரிவித்து, ஒப்புகையின் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பதிவேட்டில் உங்கள் பெயர் இருக்கும்வரை அந்த விமானத்துக்கு என்ன நடந்தாலும் விசாரணை உங்கள் வாசலுக்குத்தான் வரும்.