மெட்ராஸ் ரெஜிமென்ட்: 1704-ஆ, 1758-ஆ?

கேள்வி: மெட்ராஸ் ரெஜிமென்ட் 1758-ல் பிறந்தது என்கிறார்கள். சிலர் 1704 என்று எழுதுகிறார்கள். போதாததற்கு, 1759-ல் மதராஸ் ராணுவத்தில் திரட்டிய பட்டாலியன் இன்று பாகிஸ்தானில் இருக்கிறதாம். எதை நம்புவது?
- வாசகர், பெரம்பூர், சென்னை

பதில்: மூன்றையும் நம்பலாம். ரெஜிமென்ட் என்பது பெரிய குடும்பம்; பட்டாலியன் அதிலுள்ள ஒரு படை. பட்டாலியனின் வயதையும் ரெஜிமென்ட்டின் வயதையும் ஒன்றாகப் போட்டு எண்ணுவதால் வரும் குழப்பம் இது.

1704 திருவிதாங்கூர்க் கணக்கு. பத்மநாபபுரத்தில் மன்னரின் மெய்க்காவலுக்கு அமைந்த நாயர் படை, சுதந்திரத்துக்குப் பின் 9-வது மெட்ராஸ் பட்டாலியன் ஆனது. வயதில் மூத்தது; ஆனால் கிழக்கிந்தியக் கம்பெனி திரட்டிய படை அல்ல.

1758 நம்மூர்க் கணக்கு. அதுவரை சிப்பாய்கள் ஆளுக்கொரு தலைவனின் கீழ் தனித்தனிச் சிறு அணிகளாகக் கிடந்தார்கள். பிரெஞ்சுத் தளபதி லாலியின் படையெடுப்புக் காலத்தில்தான் அவர்களைப் பட்டாலியன்களாகக் கட்டினார்கள். அந்த டிசம்பரில் தொடங்கிய புனித ஜார்ஜ் கோட்டை முற்றுகை 1759 பிப்ரவரி வரை நீண்டது. வெளியே செங்கல்பட்டு, பரங்கிமலைப் பக்கம் நின்று பிரெஞ்சுக்காரர்களை நிம்மதியாக இருக்கவிடாமல் அடித்தவர் சிப்பாய்த் தளபதி யூசுப் கான், அதாவது மருதநாயகம். முற்றுகை என்றதும் கோட்டையைக் காத்த ஆங்கிலத் தளபதி ஸ்ட்ரிங்கர் லாரன்ஸை மட்டும் பேசிவிட்டு இவரை விட்டுவிடுவது பெரும் அநியாயம்.

இனி பாகிஸ்தான். 1759-ல் திரட்டிய கோஸ்ட் சிப்பாய் 3-வது பட்டாலியன், 1770-ல் கர்நாடிக் 2-வது பட்டாலியன். 1796-ல் 2-வது ரெஜிமென்ட்டின் முதல் பட்டாலியன். 1824-ல் 2-வது மதராஸ் நேட்டிவ் இன்ஃபன்ட்ரி (காலாட்படை). 1903-ல் இந்தியப் படைகளின் தலைமைத் தளபதி கிச்சனர் மதராஸ் எண்களோடு 60-ஐக் கூட்டியபோது இது 62-வது பஞ்சாபிஸ். படையின் வரலாறு அப்படியே தொடர, ஆட்கள் மாறினார்கள். 'போர்க்குணம் கொண்ட இனங்கள்' என்ற, முந்தைய தலைமைத் தளபதி ராபர்ட்ஸ் காலத்துக் கொள்கை செய்த வேலை அது. தமிழனும் தெலுங்கனும் சண்டைக்கு லாயக்கில்லை என்று முடிவு கட்டி, 1920களின் முடிவுக்குள் மதராஸ் காலாட்படையையே கலைத்தார்கள். 1942-ல் போர் நெருக்கியதும் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்த 62-தான் பிரிவினையில் பாகிஸ்தான் பங்குக்குப் போனது.

உங்கள் வீட்டில் பழைய பென்ஷன் காகிதம் இருந்தால், அது 1903-க்கும் 1922-க்கும் இடைப்பட்டதா என்று முதலில் பாருங்கள். ஆம் என்றால் எண்ணிலிருந்து 60-ஐக் கழியுங்கள்: 83-வது வாலாஜாபாத் லைட் இன்ஃபன்ட்ரி, பழைய 23. 1824-க்கு முந்திய காகிதத்துக்கு இந்தக் கழித்தல் உதவாது. 1796 முதல் ஒரு ரெஜிமென்ட்டுக்கு இரண்டு பட்டாலியன். பட்டாலியன் எண்ணையும் சேர்த்துப் படித்தால்தான் ஆள் எந்தப் படை என்று பிடிபடும்.