டிக் அடித்த நோட்டு உங்களைக் காப்பாற்றாது

கேள்வி: காரைக்குடியில் பழைய வீட்டுத் தேக்குத் தூண், நிலை, கதவு வாங்கி விற்கும் ஷெட் வைத்திருக்கிறேன். அறுப்பும் இழைப்பும் அங்கேயே. மொத்தம் ஏழு பேர். மூன்று டன் டீசல் ஃபோர்க்லிஃப்ட் ஒன்றைச் செகண்ட் ஹேண்டில் வாங்கி ஓட்டுகிறோம். 2025 மார்ச்சில் டிரைவர் சரிவில் வண்டியை நிறுத்திவிட்டு இறங்கினார். வண்டி உருண்டு லோடுமேனின் வலது கணுக்காலை நசுக்கிவிட்டது. அவருக்கு வயது 40, சம்பளம் மாதம் 18,000 ரூபாய், பதினோரு வருஷமாக எங்களிடம் இருப்பவர். டாக்டர் 40 சதவீதம் என்று எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆஸ்பத்திரிச் செலவு 1,80,000 ரூபாயை நானே கட்டினேன். பெரியவர்கள் முன்னிலையில் 2,50,000 ரூபாய் கொடுத்து, இனி எதுவும் கேட்பதில்லை என்று முத்திரைத்தாளில் எழுதியும் வாங்கினேன். இப்போது மச்சினன் பேச்சைக் கேட்டு இழப்பீட்டு ஆணையரிடம் மனுப் போட்டிருக்கிறார். வீட்டுப் பிள்ளைபோல வைத்திருந்தவர், மனசு ஆறவில்லை. தினமும் காலையில் வண்டியைச் சோதித்து டிரைவர் கையெழுத்துப் போடும் நோட்டு இருக்கிறது. சில பக்கங்கள் காலி, அவற்றை எழுதிவிடலாம். விபத்துக்கு மூன்று நாள் முன்பு ‘ஹேண்ட் பிரேக் லூஸ்’ என்று அவர் எழுதியிருக்கிறார். தவறு டிரைவருடையது என்று இந்த நோட்டை வைத்து நிரூபிக்க முடியுமா?

பதில்: நிரூபிக்க முடியலாம். ஆனால் அதனால் உங்களுக்கு ஒரு ரூபாய்கூட மிச்சமாகாது.

விபத்து நாளன்று நடப்பிலிருந்த 1923-ம் ஆண்டுப் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் தவறு யாருடையது என்பது கேள்வியே இல்லை. வேலை நேரத்தில், அந்த வேலையின் காரணமாகக் காயம் ஏற்பட்டதா? ஆம் என்றால் பணம் கட்ட வேண்டியவர் முதலாளி. குடிபோதை, பாதுகாப்பு விதியை வேண்டுமென்றே மீறியது, பாதுகாப்புச் சாதனத்தை வேண்டுமென்றே கழற்றியது ஆகிய விலக்குகள் காயம்பட்டவர் செய்த காரியத்துக்குத்தான் பொருந்தும். உங்கள் லோடுமேன் எதையும் மீறவில்லை, நின்றுகொண்டிருந்தார். டிரைவர் தவறு செய்தார் என்றால், உங்கள் ஆள் தவறு செய்தார் என்று நீங்களே எழுதிக் கொடுத்ததாகத்தான் ஆகும். பதினோரு வருஷப் பழக்கம், மச்சினன் தூண்டுதல் இவையெல்லாம் உங்கள் பதில் மனுவில் ஒரு வரியாகக்கூட வர வேண்டாம்.

இனி கணக்கு. சம்பளம் 18,000 ஆனாலும் சட்டம் கணக்கில் எடுப்பது 15,000 வரைதான். அதில் 60 சதவீதம் 9,000. சட்டத்தின் அட்டவணையில் 40 வயதுக்கான காரணி (பெருக்கும் எண்) 184.17. பெருக்கினால் 16,57,530. அதில் 40 சதவீதம் 6,63,012 ரூபாய். ஆனால் டாக்டர் எழுதிய 40 காலின் ஊனத்துக்கா, சம்பாதிக்கும் திறன் இழப்புக்கா என்று சான்றிதழை எடுத்துப் பாருங்கள். இரண்டும் ஒன்றல்ல. இடது கையை முழங்கைக்கு மேல் இழந்த தச்சருக்கு முழு இயலாமை என்றே உச்ச நீதிமன்றம் 1976-ல் வெளியான பிரதாப் நாராயண் சிங் தேவ் வழக்கில் ஏற்றது. அந்த வேலையை அவரால் இனிச் செய்ய முடியுமா என்பதே அளவுகோல். கணுக்கால் மடங்காதவர் தேக்குத் தூணைத் தோள்கொடுத்துத் தூக்க முடியாது என்று எதிர்த்தரப்பு வாதிட்டால், 16,57,530 முழுவதுமே மேசைக்கு வரும்.

முத்திரைத்தாள் விஷயம் இதைவிட வேதனையானது. இழப்பீட்டை மொத்தத் தொகையாகப் பேசி முடித்தால் அந்த உடன்படிக்கையை ஆணையரிடம் அனுப்பிப் பதிவு செய்ய வேண்டும். அது 28-ம் பிரிவு. செய்யாவிட்டால் 29-ம் பிரிவின்படி முழு இழப்பீடும் உங்கள் தலையில். ஆணையர் வேறுவிதமாகச் சொன்னாலொழிய, ஏற்கெனவே கொடுத்ததில் பாதிக்கு மேல் கழித்துக்கொள்ளவும் முடியாது. அதாவது நீங்கள் கொடுத்த 2,50,000-ல் 1,25,000 மட்டுமே கணக்கில் வரும். ஆஸ்பத்திரிப் பணம் தனிப் பொறுப்பு, இழப்பீட்டில் கழியாது. ‘இனி எதுவும் கேட்பதில்லை’ என்ற வாசகம் 17-ம் பிரிவின்படி செல்லாது. ஊர்ப் பெரியவர்கள் நல்லெண்ணத்தோடுதான் உட்கார்ந்திருப்பார்கள். அந்தத் தாளை அன்றைக்கே ஆணையரிடம் அனுப்பியிருக்க வேண்டும்.

இப்போது அந்த நோட்டு. உங்கள் கடிதத்தில் என்னைப் பயமுறுத்தியது ‘எழுதிவிடலாம்’ என்ற ஒரே சொல்தான்.

எழுதாதீர்கள். ஒரு டிக்கூடப் போடாதீர்கள். விபத்தைவிட, விபத்துக்குப் பிறகு நிரப்பிய நோட்டே உங்களைப் பெரிதாக மாட்டிவிடலாம். கண்டுபிடிப்பது கஷ்டமே இல்லை. வண்டி எத்தனை மணி நேரம் ஓடியது என்று காட்டும் ஹவர் மீட்டர் அதில் இருக்கிறது. நோட்டில் அதற்கு ஒரு கட்டம் இருக்கும். பிறகு உட்கார்ந்து எழுதுபவர் தினமும் ஆறு, ஏழு மணி நேரம் கூட்டிக்கொண்டே போவார். மெக்கானிக் சர்வீஸ் பில்லில் குறித்த மீட்டர் எண் இடையில் எங்கேயோ நிற்கும், இரண்டும் ஒத்துப்போகாது. டீசல் பில்லும் காட்டிக்கொடுக்கும். முத்துமாரியம்மன் கோயில் திருவிழாவுக்கு ஷெட்டை மூடிய நாளிலும் ‘பிரேக் சரி’ என்று டிக் விழுந்திருக்கும். டிரைவர் லீவில் போன நாளில் அவர் கையெழுத்து இருக்கும். ஒரு மாதப் பக்கங்கள் ஒரே பேனாவில், ஒரே சாய்வில், ஒரு மசிக்கறைகூட இல்லாமல் இருக்கும். டீசலும் கிரீஸும் பட்ட கை எழுதிய பக்கம் அப்படி இருக்காது.

காலிப் பக்கம் கவனக்குறைவு. நிரப்பிய பக்கம் பொய்ச் சாட்சியம் புனைதல். நீதி விசாரணையில் பயன்படுத்தப் பொய்ச் சாட்சியம் புனைந்தால் பாரதிய நியாய சன்ஹிதா என்ற குற்றவியல் சட்டத்தின் 229-ம் பிரிவில் 7 ஆண்டு வரை சிறை. கொடுங்காயம் விளைவித்த அலட்சியத்துக்கே 125-ம் பிரிவில் அதிகபட்சம் 3 ஆண்டுதான். சின்ன குற்றச்சாட்டிலிருந்து தப்பிக்கப் பெரிய குற்றத்துக்குள் நடந்து போகாதீர்கள். ‘ஹேண்ட் பிரேக் லூஸ்’ பக்கத்தைக் கிழிக்கும் யோசனை வந்தால் அதையும் விட்டுவிடுங்கள். அந்தப் பக்கத்தை டிரைவர் போனில் படம் எடுத்து வைத்திருக்க மாட்டார் என்று நம்ப எந்தக் காரணமும் இல்லை.

ஏனென்றால் அந்த ஒரு வரி டிரைவரின் கவசம். நான் சொன்னேன், முதலாளி வண்டியை நிறுத்தவில்லை என்று அவர் சொல்வார். குற்ற வழக்கு வந்தால் உங்களை நோக்கி வரும் கேள்வி இதுதான்: மார்ச் மாதம் அந்த வரியைப் படித்த பிறகு, சாவியை எடுத்து வைத்தீர்களா, ஓட்டச் சொன்னீர்களா? அந்த மூன்று நாளில் மெக்கானிக்கைக் கூப்பிட்ட போன் பதிவோ, பிரேக் கேபிள் வாங்கிய பில்லோ இருந்தால் இன்றே தேடி எடுங்கள். இல்லையென்றால் இல்லை என்பதை உங்கள் வக்கீலிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். டிரைவருக்கும் உங்களுக்கும் ஒரே வக்கீல் வேண்டாம். உங்கள் இருவர் நலனும் எதிரெதிர்த் திசையில் போகிறது.

சம்பவம் கேட்டுக்கு உள்ளேயா, தெருவிலா என்று நீங்கள் எழுதவில்லை. அடைத்த வளாகத்துக்குள் மட்டும் பயன்படும்படி அமைந்த வாகனம் மோட்டார் வாகன வரையறைக்குள் வராது. லாரியில் ஏற்ற வண்டியைத் தெருவுக்கு இறக்கும் வழக்கம் இருந்தால் பதிவு, இன்ஷூரன்ஸ் கேள்விகள் தனியாக எழும். பாலிசியை முழுதாகப் படித்துப் பாருங்கள். பணியாளர் இழப்பீட்டுக்கு பாலிசி இருந்தாலும் தாமதத்துக்கான அபராதத்தை அது பொதுவாக ஏற்காது.

வண்டி இப்போதும் ஓடுகிறது என்றால், நாளைக் காலையிலிருந்து நோட்டை உண்மையாக எழுதுங்கள். ஸ்டார்ட் செய்யுமுன் டயர் வெட்டு, வீல் நட், தரையில் ஹைட்ராலிக் ஆயில் ஒழுகல் பார்க்க வேண்டும். ஃபோர்க் வளையும் இடத்தில் விரிசல் தேடுங்கள். தடிமனில் பத்தில் ஒரு பங்கு தேய்ந்த ஃபோர்க்கை மாற்றியாக வேண்டும். ஃபோர்க்கைத் தூக்கும் நிமிர்ந்த சட்டத்தின் (மாஸ்ட்) செயின் இரண்டும் ஒரே இறுக்கத்தில் இருக்கிறதா, துரு இருக்கிறதா பாருங்கள். 3 சதவீதம் நீண்ட செயின் வேலைக்கு ஆகாது. பிறகு லோடில்லாமல் தூக்கி, இறக்கி, சாய்த்து, ஹார்னும் கால் பிரேக்கும் பார்த்து, கடைசியில் ஹேண்ட் பிரேக்கைப் போட்டு மெல்ல கியர் கொடுத்து வண்டி நகர்கிறதா என்று பார்ப்பது. பத்து நிமிட வேலை. வண்டியை விட்டு இறங்கினால் ஃபோர்க் தரையில், கியர் நியூட்ரலில், ஹேண்ட் பிரேக் போட்டு, சாவி கையில். சரிவில் நிறுத்தவே கூடாது, வேறு வழியில்லை என்றால் சக்கரத்துக்குக் கட்டை. பழுது என்று எழுதிய பக்கத்திலேயே யார் சாவியை எடுத்தார், எந்தத் தேதியில் சரியானது, பில் எண் என்ன என்று வர வேண்டும். பழுதே எழுதப்படாத நோட்டை எந்த விசாரணை அதிகாரியும் நம்ப மாட்டார்.

வழக்கை இழுக்காதீர்கள். பேசி முடியுங்கள், ஆனால் இந்த முறை ஆணையர் முன்னால். 6,63,012-ல் 1,25,000 கழித்தால் 5,38,012. அதை அடிப்படையாக வைத்துப் பேசி, ஆணையரிடம் டெபாசிட் செய்து உடன்படிக்கையைப் பதிவு செய்யுங்கள். காலம் கடந்ததற்கு ஆண்டுக்கு 12 சதவீத வட்டி ஓடிக்கொண்டிருக்கிறது. 6,63,012 முழுவதற்கும் கணக்கிட்டால் வருஷத்துக்கு 79,561 ரூபாய். தகுந்த காரணமின்றித் தாமதித்ததாகக் கண்டால் அபராதம் 50 சதவீதம் வரை போகும், அது 3,31,506. தோற்ற பிறகு உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில் பார்த்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். உத்தரவான தொகையைக் கட்டிய சான்று இல்லாமல் முதலாளியின் மேல்முறையீட்டை எடுக்கவே மாட்டார்கள்.

வக்கீலைப் பார்க்கப் போகும்போது நோட்டு, முத்திரைத்தாள், ஆஸ்பத்திரி பில்கள், டாக்டர் சான்றிதழ், சம்பளப் பதிவேடு, பாலிசி, மெக்கானிக் பில்கள் எல்லாவற்றையும் அசலாகக் கொண்டு போங்கள். நோட்டின் எல்லாப் பக்கங்களையும் காலிப் பக்கங்கள் உட்பட முதலில் நகல் எடுத்து, இரண்டு சாட்சிகள் முன்னிலையில் உறையிட்டு, அதே நிலையில் அவரிடம் ஒப்படையுங்கள்.