தறிக்காரர் மகளும் பௌஹவுஸும்

மதிப்பிற்குரிய ஐயா,

"பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கப்போகிறாள். அறைச் சுவர் முழுக்க வட்டமும் முக்கோணமுமாக ஒட்டி வைத்திருக்கிறாள். ஜெர்மனிக்குப் போய் பௌஹவுஸ் படிக்கவேண்டும் என்கிறாள். இது சோறு போடுமா?" என்று கேட்டிருக்கிறீர்கள். கரூரில் முப்பது ஆண்டுகளாகத் தறிப்பட்டறை நடத்துகிறேன் என்றும் எழுதியிருக்கிறீர்கள். அந்த இரண்டாவது செய்தியைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

மகள் படிக்க விரும்பும் பௌஹவுஸ் என்ற கலை, வடிவமைப்புப் பள்ளி மூடப்பட்டு 90 ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. 1919இல் ஜெர்மனியின் வைமர் நகரில் வால்டர் குரோப்பியஸ் என்ற கட்டடக் கலைஞர் தொடங்கினார். 1925இல் டெஸ்ஸாவுக்கு இடம் மாறியது. நாஜிகள் ஆட்சிக்கு வந்த 1933இல் பெர்லினில் முடிந்துபோனது. இன்று வைமரில் பௌஹவுஸ் பெயரில் ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது, நல்ல பல்கலைக்கழகமும்கூட. ஆனால் மகளின் சுவரில் இருக்கும் பௌஹவுஸ் அது அல்ல. இதை அவளிடம் நயமாகச் சொல்லுங்கள். பாதி தெரிந்துதான் வைத்திருப்பாள்.

உங்கள் சோற்றுக் கேள்விக்கு வருகிறேன். அந்தப் பள்ளியும் அதே கேள்வியோடுதான் பிறந்தது. முதல் உலகப் போரில் தோற்ற நாடு, காலியான கஜானா. 1923இல் காகிதப் பணத்துக்கு மதிப்பே இல்லாமல் போனபோது, துரிங்கியா மாநிலத்துக்காகப் பத்து லட்சம் மார்க் நோட்டை வடிவமைத்தவர் ஹெர்பர்ட் பேயர் என்ற பௌஹவுஸ் மாணவர். அழகான ஓவியத்தை வாங்க ஆள் இல்லாத ஊரில் கலைஞன் எப்படிப் பிழைப்பது? நாற்காலி, விளக்கு, தேநீர்க் குடுவை, எழுத்துரு என்று அன்றாடம் புழங்கும் பொருளுக்கு வடிவம் கொடுத்துப் பிழைக்கலாம் என்பதே அவர்கள் கண்ட விடை. பள்ளியின் சரக்கிலேயே நன்றாக விற்றது எது தெரியுமா? 1930இல் சந்தைக்கு வந்த, வீட்டுச் சுவரில் ஒட்டும் அலங்காரத் தாள் (வால்பேப்பர்). விற்பனையில் புகழ்பெற்ற உலோகக் குழாய் நாற்காலிகூட அதற்குப் பின்னால்தான்.

இப்போது தறி விஷயம். ஆணும் பெண்ணும் சமம் என்று அறிவித்த அந்தப் பள்ளி, சேர்ந்த பெண்களில் பெரும்பாலோரை நெசவுக்கூடத்துக்கே தள்ளிவிட்டது. அது ஓர் அநியாயம்தான், மழுப்ப வேண்டியதில்லை. கண்ணாடி வேலை கற்க விரும்பிய மாணவி அன்னி ஆல்பர்ஸும் விருப்பமில்லாமல்தான் தறியில் உட்கார்ந்தார். 1930இல் பட்டயத்துக்காக அவர் நெய்தது பெர்னாவ் ஊரின் தொழிற்சங்கப் பள்ளி அரங்குக்கான சுவர்த் துணி. அதன் ஒரு முகம் ஒலியை உறிஞ்சும். செல்லோஃபேன் என்ற பளபளக்கும் மெல்லிய தாள் கலந்த மறுமுகம் ஒளியைத் திருப்பியனுப்பும். பாவும் ஊடையும் தெரிந்த உங்களுக்கு இதன் அருமையை நான் விளக்க வேண்டுமா? 1949இல் நியூயார்க்கின் நவீனக் கலை அருங்காட்சியகம் அவருக்குத் தனிக் கண்காட்சி வைத்தது. உங்கள் மகள் தேடும் பௌஹவுஸின் ஒரு துண்டு உங்கள் பட்டறையிலேயே கிடக்கிறது. அதற்குத்தான் சிரித்தேன்.

ஆகவே அவளிடம் ஒன்றைக் கேட்டுப் பாருங்கள்: அந்தப் படங்களைப் பார்க்கும்போது அவற்றைப் போல ஒன்றைச் செய்யத் தோன்றுகிறதா, அவற்றைப் பற்றி மேலும் படிக்கத் தோன்றுகிறதா? இரண்டும் வெவ்வேறு பாதைகள்.

படிக்கத் தோன்றினால் அது கலை வரலாறு. வைமர் குடியரசின் காலம், அதாவது முதல் உலகப் போருக்குப் பின் நாஜிகள் வரும்வரை ஜெர்மனியில் இருந்த மக்களாட்சிக் காலம், அதற்குத் தங்கச் சுரங்கம்; திரைப்படம், நாடகம், கட்டடக் கலை என்று எந்தப் பக்கம் தோண்டினாலும் கிடைக்கும். ஆனால் அருங்காட்சியகமும் ஆய்வும் குறைந்த இடங்கள், நீண்ட காத்திருப்பு. ஜெர்மன் மொழியில் சரளம் இல்லாமல் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்க முடியாது.

செய்யத் தோன்றினால் வடிவமைப்புப் படிப்பு. நான் உங்களுக்குச் சொல்வது: இளநிலையை இந்தியாவில் முடிக்கட்டும். அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனம், ஆடை வடிவமைப்புக்கான நிஃப்ட், ஐ.ஐ.டி.க்களின் வடிவமைப்புப் படிப்புக்கான யூசீட் தேர்வு ஆகியவற்றுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவு எடுத்தவர்களும் எழுதலாம். அகமதாபாத் நிறுவனத்துக்குப் பள்ளி மதிப்பெண் மட்டும் போதாது, கையால் செய்துகாட்டும் தேர்வும் உண்டு. 1961இல் தொடங்கிய அந்த நிறுவனத்துக்கு ஜெர்மனியின் உல்ம் வடிவமைப்புப் பள்ளியோடு நெருக்கமான தொடர்பு இருந்தது. அந்த உல்ம் பள்ளியைத் தொடங்கியவர்களில் ஒருவரான மாக்ஸ் பில் பௌஹவுஸ் மாணவர். சுற்றிவளைத்துப் பார்த்தால் உறவுமுறைதான்.

நேரே ஜெர்மனியில் இளநிலை என்றால் மொழித் தேர்ச்சி, படைப்புத் தொகுப்பு, தகுதித் தேர்வு, நம் பன்னிரண்டாம் வகுப்பை ஈடுகட்ட ஆயத்தப் படிப்பு என்று பதினேழு வயதில் சுமை அதிகம். அரசுப் பல்கலைக்கழகங்களில் கல்விக் கட்டணம் பெரும்பாலும் இல்லை என்பது உண்மை. ஆனால் விசாவுக்கு முன் ஓராண்டுச் செலவை முடக்கக் கணக்கில் (மாதாமாதம் ஓர் அளவுக்கு மேல் எடுக்க முடியாத வங்கிக் கணக்கில்) காட்டவேண்டும்; 2024 செப்டம்பர் முதல் அது 11,904 யூரோ. சான்றிதழ்களைச் சரிபார்க்கும் ஏ.பி.எஸ். சான்றும் வேண்டும். முதுநிலைக்குப் போகும்போது இதே செலவு பொருளுள்ளதாக இருக்கும். அதற்குள் அவள் கையில் தொழிலும் இருக்கும்.

இதற்கெல்லாம் முன்னால் செலவில்லாத சோதனை ஒன்று. ஜோசப் ஆல்பர்ஸ், அன்னியின் கணவர், பௌஹவுஸின் தொடக்க வகுப்பில் மாணவர்களிடம் செய்தித்தாளைக் கொடுத்து, இருப்பதைவிட மேலாக இதிலிருந்து ஏதாவது செய்யுங்கள் என்று விட்டுவிடுவாராம். ஒருவர் வெறுமனே நெடுக்காக மடித்து நிற்கவைத்தார். ஆல்பர்ஸுக்கு அது மிகவும் பிடித்துப்போனது. விடுமுறையில் மகளுக்கு ஒரு கட்டுப் பழைய செய்தித்தாளையும், தறியோரம் கிடக்கும் கழிவு நூலையும் கொடுங்கள். மூன்று வாரம் யாரும் எதுவும் சொல்லக்கூடாது, நீங்களும்தான். எத்தனை நாளில் அலைபேசியை எடுக்கிறாள், எத்தனை முறை பிரித்துப் பிரித்து மறுபடி கட்டுகிறாள் என்று மட்டும் பார்த்து எனக்கு எழுதுங்கள்.

ஜெர்மன் மொழியின் முதல் நிலையான ஏ1 வகுப்புக்கான பணத்தை அதற்காகக் காத்திருக்காமல் இப்போதே கட்டிவிடலாம். எந்தப் பாதை ஆனாலும் அது வீணாகாது.