காயம் படாமல் வெட்டுவது

அன்புள்ள அக்கா,

சுங்கை சிப்புட்டில் ஒரு தாமானில் (வீடமைப்புப் பகுதியில்) இருக்கிறேன். வயது 44. அம்மா ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிப் பால் எடுத்தவர். நான் தொழிற்சாலையில் லைனில் நின்று வேலை செய்கிறேன். போன மாதம் கிளினிக்கில் ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு இனிப்பு நீர் (நீரிழிவு) என்றார்கள். மெட்ஃபார்மின் மாத்திரை கொடுத்து, "எக்சர்சைஸ் பண்ணுங்க" என்று அனுப்பிவிட்டார்கள். எப்படி என்று யாரும் சொல்லவில்லை.

தாமான் மண்டபத்தில் ஜும்பா வகுப்புக்குப் போய் முதல் நாளே ஒரு மணி நேரம் ஆடினேன். இரண்டாம் நாள் படி இறங்க முடியவில்லை. தொடையைத் தொட்டாலே வலித்தது. உள்ளே ஏதோ கிழிந்துவிட்டதோ என்று பயந்து நிறுத்திவிட்டேன். பிறகு இரண்டு வாரம் நடந்து பார்த்தேன், எடை இறங்கவே இல்லை. எட்டு மணி நேரம் நிற்கிறேனே, அது பயிற்சி ஆகாதா? 10,000 அடி நடந்தால்தான் பலன் என்கிறார்களே? முட்டி வலியோடு நடக்கலாமா? காலை நல்லதா, மாலை நல்லதா? "இந்த வயசுல எதுக்கு இதெல்லாம்" என்று பக்கத்து வீட்டில் கேட்பதும் மனதைக் கஷ்டப்படுத்துகிறது.

ஒரு வாசகி

*

அன்புள்ள தங்கச்சி,

உங்கள் அம்மா பால் வெட்டியவர் என்று எழுதியதைப் படித்ததும் கடிதத்தைக் கொஞ்ச நேரம் கீழே வைத்துவிட்டேன். என் அம்மாவும் எல்பில் தோட்டத்தில் வெட்டியவர்தான். பள்ளி விடுமுறையில் அவரோடு மர நிரைக்குப் போவேன். ஒருநாள் உளியை என் கையில் கொடுத்து வெட்டச் சொன்னார். அம்மாவை விட அதிகமாகப் பால் இறக்கிவிட வேண்டும் என்ற ஆசையில் அழுத்தி இழுத்தேன். பட்டை தடியாகப் பெயர்ந்து மரத்தின் வெள்ளை தெரிந்தது. அம்மா திட்டவில்லை. என் மணிக்கட்டைப் பிடித்து, "காசு கனத்துக்குத்தான் சீவணும். காயம் பட்டா அந்த இடத்துல பட்டை முண்டும் முடிச்சுமாத்தான் வளரும், திரும்ப வெட்ட முடியாது" என்றார். இன்றைக்கு வெட்டிய மரத்தை நாளைக்கு விட்டுவிட்டு மறுநாள்தான் தொடுவார்கள். பால் ஊற மரத்துக்கும் ஒரு நாள் வேண்டும்.

நீங்கள் ஜும்பாவில் முதல் நாளே அழுத்தி இழுத்துவிட்டீர்கள். நடந்தது அவ்வளவுதான். ஆனால் மரம் மாதிரி உங்களுக்கு நிரந்தரக் காயம் எதுவும் ஆகவில்லை. பழக்கமில்லாத வேலை கொடுத்தால் தசையில் நுண்ணிய சிராய்ப்புகள் விழும். அந்த வலி ஒரு நாள் கழித்துத்தான் தலைகாட்டும், இரண்டாம் மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும், பிறகு தானே அடங்கும். அதே வேலையை மறுபடி கொடுத்தால் வலி குறைந்துவிடும், ஏனென்றால் தசை தன்னைப் பழுதுபார்த்துக்கொண்டு முன்பைவிடக் கெட்டிப்படுகிறது. பயப்பட வேண்டிய வலி வேறு: ஆடும்போதே சுரீரென்று குத்துவது, மூட்டு வீங்குவது, ஒரு வாரமாகியும் குறையாதது. வலி அளவுக்கு மீறிப் போய், சிறுநீரும் கறுத்துப் போனால் உடனே ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். நெஞ்சு இறுக்கம், தாடைக்கோ கைக்கோ பரவும் வலி, கண் இருட்டுவது இவை வந்தாலும் அப்படியே.

நிற்பதைப் பற்றிக் கேட்டீர்கள். லண்டனில் ஜெர்ரி மோரிஸ் என்ற மருத்துவர் இரட்டை மாடி பஸ் ஊழியர்களை ஆராய்ந்து 1953இல் முடிவை வெளியிட்டார். ஓட்டுநர் நாள் முழுக்க உட்கார்ந்திருப்பார். டிக்கெட் கொடுக்கும் கண்டக்டர் மேலும் கீழுமாகப் படி ஏறி இறங்குவார். ஒரே கம்பெனி, ஒரே பஸ். ஆனால் கண்டக்டர்களுக்கு மாரடைப்பு கணிசமாகக் குறைவு. உடலுழைப்பும் இதயமும் பற்றிய ஆராய்ச்சிக்கே அது அடித்தளம். நீங்களோ அந்தக் கண்டக்டரைப் போல ஏறி இறங்குவதில்லை. லைனில் நிற்கும்போது உங்கள் கால் கடுக்கிறது, ஆனால் மூச்சு வாங்குவதில்லை, இதயம் வேகம் பிடிப்பதில்லை. அதனால் அதைக் கணக்கில் சேர்க்காதீர்கள். கடுத்துப்போன காலோடு வீட்டுக்கு வந்து நடப்பது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் சிறிதாக ஆரம்பிக்கச் சொல்கிறேன்.

நம் அம்மாக்கள் ஒரு நாளைக்கு நானூறு ஐந்நூறு மரத்துக்கு முன்னால் குனிந்து நிமிர்ந்தார்கள், காண்டா என்ற தோள்கட்டையில் இரண்டு வாளிப் பாலைத் தூக்கிக்கொண்டு மேட்டில் ஏறினார்கள். அந்த உழைப்பை நான் உயர்த்திப் பேசமாட்டேன். அது அவர்கள் முதுகை ஒடித்தது, ஓய்வும் தரவில்லை, நல்ல சாப்பாடும் தரவில்லை. பால்மரம் போய் செம்பனை வந்து, நாம் தாமானுக்குக் குடியேறியபோது அந்த வேலை நம் உடம்பைவிட்டுப் போனது. சாப்பாடு மட்டும் அதே அளவில் நின்றுவிட்டது. 2019இல் எடுத்த தேசிய சுகாதார ஆய்வில் மலேசியப் பெரியவர்களில் 18.3 விழுக்காட்டினருக்கு இனிப்பு நீர் இருந்தது. இந்தியர்களிடம் அது 31.4. மூன்று பேரில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். "இந்த வயசுல எதுக்கு" என்று கேட்பவர் வீட்டிலும் அந்த மூன்றில் ஒருவர் இருப்பார். அவரையும் நடக்கக் கூப்பிடுங்கள்.

10,000 அடி என்பது ஒரு வியாபாரப் பெயரிலிருந்து பிறந்த எண். டோக்கியோ ஒலிம்பிக்சுக்கு மறு வருடம், 1965இல், ஜப்பானில் அடி எண்ணும் கருவி ஒன்றை 'மன்போ கெய்' என்று பெயர் வைத்து விற்றார்கள். பத்தாயிரம் அடி எண்ணும் மீட்டர் என்று பொருள். பிறகு 2019இல் அமெரிக்காவில் சராசரி வயது 72 உள்ள பதினாறாயிரத்துக்கும் அதிகமான பெண்களைப் பார்த்தபோது, ஒரு நாளைக்குச் சுமார் 4,400 அடி நடந்தவர்களிடமே மரண விகிதம் தெளிவாகக் குறைந்திருந்தது. ஏறக்குறைய 7,500க்கு மேல் கூடுதல் பலன் தெரியவில்லை. அவர்கள் உங்களைவிட மூத்தவர்கள். இருந்தாலும், 10,000 முடியவில்லை என்று வீட்டில் உட்கார்ந்துவிடத் தேவையில்லை என்பது இதிலிருந்து தெரிகிறது.

உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான உழைப்பு வேண்டும் என்கிறது. மிதம் என்றால் என்ன? நடக்கும்போது பக்கத்தில் வருபவரோடு பேச முடியணும், ஆனால் பாட முடியக்கூடாது. அதை முதல் வாரமே எட்ட வேண்டாம். இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு பத்து நிமிடம், அவ்வளவுதான். உங்களுக்கு நான் சாப்பாட்டுக்குப் பிந்திய நேரத்தைச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. வேலை செய்கிற தசை, இன்சுலின் சரியாக எடுபடாத உடம்பிலும் ரத்தத்தில் இருக்கும் சர்க்கரையை இழுத்துக்கொள்ளும். சோறு சாப்பிட்டதும் ஏறும் சர்க்கரை அதனால் அவ்வளவு உயரம் போகாது. அடுத்த வாரம் பதினைந்து நிமிடம், பிறகு இருபது. காலையில் போக ஆசையென்றால் போங்கள். நம் ஊரில் ஏழு மணி வாக்கில்தான் விடிகிறது, இருட்டில் நாய்த் தொல்லை வேறு. வெளிச்சம் வந்த பிறகு திடலைச் சுற்றுவது நல்லது. ஒன்பது மணிக்கு மேல் வெயில் ஆளைத் தள்ளிவிடும். நீங்கள் விடாமல் போகக்கூடிய நேரம் எதுவோ அதுவே சரியான நேரம்.

சிலிப்பரில் நடக்காதீர்கள், சப்பாத்து போடுங்கள். திரும்பி வந்து பாதத்தைத் திருப்பி, விரல் இடுக்கெல்லாம் பாருங்கள். இனிப்பு நீர் உள்ளவர்களுக்குக் கொப்புளம் வந்தாலும் சில சமயம் தெரியாது. மெட்ஃபார்மின் மட்டும் எடுக்கும்வரை நடையில் சர்க்கரை திடீரென்று இறங்கும் ஆபத்து குறைவு. பின்னால் கிலிக்லசைடு என்ற மாத்திரையோ இன்சுலினோ சேர்த்தால் டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, பையில் நாலு மிட்டாய் வைத்துக்கொள்ளுங்கள்.

முட்டிக்கு என்னிடம் இருக்கும் ஒரே மருந்து நாற்காலி. 52 வயதில் நடக்க ஆரம்பித்த முதல் வாரமே தினமும் ஒரு மணி நேரம் நடந்து முட்டியை வீங்க வைத்துக்கொண்டேன். மூன்று வாரம் படுக்கை. அப்போது ஒரு பிசியோதெரபிஸ்ட் சொல்லிக்கொடுத்தார்: நாற்காலியைச் சுவரோரம் போட்டு, கையை மார்பில் கட்டிக்கொண்டு, எழுந்து நில்லுங்கள். பிறகு தொப்பென்று விழாமல் மெதுவாக, நாலு எண்ணி உட்காருங்கள். அந்த மெதுவில்தான் தொடைத் தசை வேலை செய்கிறது. முதலில் ஐந்து தடவை, வலித்தால் நாற்காலியில் ஒரு தலையணை போட்டு உயரமாக்குங்கள். தொடை கெட்டியானால் முட்டிக்குப் போகும் பாரம் குறையும். சுவரில் கை ஊன்றித் தள்ளுவதையும் இதோடு சேர்த்துக்கொள்ளுங்கள். வாரம் இரண்டு நாள், நடுவில் ஒரு நாளாவது விட்டு. மரத்துக்கு விட்ட மாதிரி.

எடையைப் பற்றி உங்களிடம் உண்மையைச் சொல்லியாக வேண்டும். நடையால் மட்டும் எடை அதிகம் இறங்காது. அரை மணி நடையில் கரைவதைவிட ஒரு ரொட்டி சானாயில் ஏறுவது அதிகம், கூடவே டின் பால் ஊற்றிய தே தாரேக் வேறு. எடை குறைய வேண்டுமானால் தட்டில்தான் கை வைக்க வேண்டும். ஆனால் எடை அசையாத அதே வாரங்களில் சர்க்கரை, ரத்த அழுத்தம், தூக்கம் எல்லாம் சரியாகிக்கொண்டு வரும். தராசு அதைக் காட்டாது. தயவுசெய்து தராசைக் கட்டிலுக்கு அடியில் தள்ளிவிடுங்கள்.

பழக்கமாக எத்தனை நாள் ஆகும் என்று நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்கிறேன். லண்டனில் 96 பேரை வைத்துப் பார்த்த ஓர் ஆய்வில் சராசரி 66 நாள் வந்தது. சிலருக்கு 18 நாளே போதுமாக இருந்தது, சிலருக்கு எட்டு மாதமும் தாண்டும் போலிருந்தது. நடுவில் ஒரு நாள் விட்டுப்போனது யாரையும் பின்னுக்கு இழுத்துவிடவில்லை. ஓவர்டைம், மழை, பிள்ளைக்குக் காய்ச்சல் என்று ஒரு நாள் போனால் போகட்டும். அடுத்த நாள் கிளம்புங்கள்.

மூன்று மாதம் கழித்துக் கிளினிக்கில் எச்பிஏ1சி எடுப்பார்கள். மூன்று மாதச் சர்க்கரையின் சராசரி அதில் தெரியும். போன மாதம் எடுத்த எண் எவ்வளவு என்று கேட்டு இன்றே காலண்டரில் எழுதி வையுங்கள். புது எண் வந்ததும், நல்லதோ இல்லையோ, எனக்கு எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா